கொடைக் கல்வெட்டும் காதற் புதினமும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளுள் வல்லவரையர் வந்தியத்தேவர் என்னும் பெயர் காணப்படுகிறது. அவர் வென்ற போர் எதுவும் அங்குக் கூறப்படவில்லை. ஆற்றிய அரசுப்பணி எதுவும் கூறப்படவில்லை. இராசராச தேவரின் அக்கனும் வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியாருமாகிய ஆழ்வார் பராந்தகன் குந்தவையார் எழுந்தருளுவித்த திருமேனிகளையும் அவற்றுக்கு அளித்த அணிகலன்களையும் நிறையிட்டுச் சொல்லிச் செல்லும் நீண்ட கணக்கில், கொடையாளி இன்னார் என்று அடையாளம் காட்டுவதற்காக மட்டுமே அப்பெயர் வருகிறது. ஆடவரைக் கொண்டு பெண்டிரை அறிவதே வரலாற்றின் வழக்கம். ஈண்டு நிலை தலைகீழாகிறது. மனைவி கொடை கொடுத்தாள். ஆகவே கணவனின் பெயர் கல்லில் நின்றது. அவரைப் பற்றிய வேறு குறிப்புகள் ஒன்றிரண்டு உண்டெனினும், ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கட்டியெழுப்ப அவை போதா.

இந்த அரைவரியிலிருந்துதான் ஐந்து பாகங்கள் கொண்ட ஒரு பெரும்புதினத்தின் தலைவன் பிறந்தான். கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தபோது, குதிரைமேல் வந்த அவ்விளைஞனைத் தமிழ்நாடு தன் வீட்டுப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது. நூலின் பெயர் அருள்மொழிவர்மனுக்கு உரியது. கதையோ வந்தியத்தேவனுக்கு உரியது. ஏன் இவ்வாறு செய்தார் என்பது எண்ணத்தக்கது. இராசராசனைப் பற்றி நாம் மிகுதியாக அறிவோம். அவன் படையெடுப்புகள், ஆட்சியாண்டுகள், நில அளவைகள், தேவியர் அனைத்தும் கல்லில் உள்ளன. அவனை ஒரு படகிலோ சத்திரத்திலோ விளையாட்டாக நடமாடவிட ஆசிரியனின் கை கூசும். வந்தியத்தேவனிடம் அந்தத் தடை இல்லை. அவன் உண்மையில் வாழ்ந்தவன், ஆயினும் வெற்றிடம். மேலைநாட்டில் வால்டர் ஸ்காட் 1814இல் 'வேவர்லி'யை எழுதியபோது கையாண்ட முறையும் இதுவே. பெருந்தலைவர்களை ஓரத்தில் நிறுத்தி, நடுத்தரமான ஓர் இளைஞனை இரு தரப்புக்கும் இடையே அலையவிட்டார் அவர். ஸ்காட்டின் இவ்வுத்தியையே வரலாற்றுப் புதினத்தின் உயிர்நாடி எனப் பின்னாளில் ஹங்கேரியத் திறனாய்வாளர் லூக்காக்ஸ் விளக்கினார். கல்கிக்கு ஸ்காட்டும் டூமாவும் பழக்கமானவர்கள். எனினும் உத்தி கடன்பட்டதாயினும் விதை தஞ்சைக் கல்லிலேயே கிடைத்தது.

வரலாற்றுக் காதற் புதினத்துக்குத் தமிழில் நூறாண்டுக்கு மேற்பட்ட வயது உண்டு. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை எழுதி 1895இல் வெளிவந்த 'மோகனாங்கி'யைத் தமிழின் முதல் வரலாற்றுப் புதினமாக ஆய்வாளர் கொள்வர். களம் நாயக்கர் காலம்; நூற்பெயரோ தலைவியின் பெயர். தொடக்கத்திலேயே இவ்வகை நூலின் போக்கு முடிவாகிவிட்டதை இப்பெயரே காட்டும். அரசியல் பின்னணியாகும்; காதல் முன்னணியாகும். வரலாறு ஆடவரைத் தரும். பெண்ணை ஆசிரியன் படைத்துக்கொள்வான்.

இந்தப் பங்கீடு அடுத்துவந்தோரிடமும் மாறவில்லை. 'சிவகாமியின் சபத'த்தில் மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், புலிகேசி, பரஞ்சோதி ஆகியோர் வரலாற்றிலிருந்து வருகின்றனர். ஏறத்தாழ 642இல் பல்லவர் படை வாதாபியைக் கைப்பற்றியதற்கு அந்நகரிலேயே நரசிம்மவர்மனின் கல்வெட்டு சான்றாக நிற்கிறது. படைத்தலைவர் பரஞ்சோதியே சிறுத்தொண்டர் என்பதைப் பெரியபுராணம் தருகிறது. சிவகாமியைத் தருவார் யாருமில்லை. அவள் முழுவதும் கல்கியின் மகள். சாண்டில்யனின் 'கடல் புறா'வில் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்துப்பரணி அறிந்த வீரன். காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் ஆசிரியனின் கற்பனை. சாண்டில்யனின் கடற்போர்கள் இன்றும் படிக்கத்தக்க விறுவிறுப்பு உடையன. அவர் தம் தலைவியரை வருணிக்கும் பக்கங்களோ ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் வேறுபாடு காணவொட்டாதவை. பெயரை மாற்றி வைத்தாலும் வருணனை பிழையாகாது.

கற்பனை செய்தல் குற்றமன்று. புதினம் எழுதுவோனிடம் ஆவணம் கேட்பது, கவிஞனிடம் நிலாவின் எடையைக் கேட்பது போன்றது. இங்கு எழும் வினா வேறு. வரலாறு பெண்டிரைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஆகவே படைத்துக்கொள்ள நேர்ந்தது என்று சொல்லப்படுகிறதே, அது மெய்தானா?

கல்வெட்டின் அமைப்பைக் காண்பார்க்கு இதன் விடை எளிதில் புலனாகும். சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் இரு பகுதிகள் உள்ளன. மேலே மெய்க்கீர்த்தி, கீழே செய்தி. மெய்க்கீர்த்தி கவிஞன் கைபட்டது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் திருமகள் அவனுக்கு உரியவள். அவளைப் போலவே நிலமகளும் அவன் உரிமையாகிறாள். அங்கு மனைவியர் உருவகங்களாக மட்டுமே உள்ளனர். கீழ்ப்பகுதி கணக்கன் கைபட்டது. இன்ன நாட்டு இன்ன ஊரில் இத்தனை வேலி நிலம், இத்தனை ஆடு, விளக்குக்கு இத்தனை உழக்கு நெய் என்று வறண்டு செல்லும். உருவகம் அங்கு இல்லை. ஆனால் பெண்கள் இருக்கிறார்கள். பெயரோடு, உறவோடு, கையிலிருந்த பொன்னோடு இருக்கிறார்கள். நம் காதற் புதினங்கள் பெரும்பாலும் மெய்க்கீர்த்தியின் வழித்தோன்றல்கள். கீழே இறங்கிக் கணக்கைப் படித்தவர் சிலரே.

படித்தவருள் முதல்வர் கல்கி என்பதை மறைத்தல் தகாது. குந்தவையின் பெயரோடு ஆதுலசாலை இணைந்திருப்பதைக் கண்டு, நோயாளிகளைப் பேணும் இளவரசியாக அவளை வடித்தார். செம்பியன் மாதேவியைச் செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றிய முதியவளாக, மதிப்புக் குன்றாமல் நிறுத்தினார். ஆயினும் அவர் புதினத்தில் படிப்போரின் நெஞ்சைக் கவ்வுபவள் குந்தவை அல்லள், செம்பியன் மாதேவியும் அல்லள். கல்லில் இல்லாத நந்தினியே.

நந்தினி எங்கிருந்து வந்தாள்? காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உள்ளது. பழைய வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் இதுவே. வீரநாராயண ஏரி, அதாவது இன்றைய வீராணம், இதற்கு அருகில் உள்ளது. ஆடிப்பெருக்கன்று அவ்வேரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமேல் வருவதாகக் கதை தொடங்குவது தற்செயலாக இருக்க முடியாது. கோயிற் சுவரில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரிய, அதாவது ஏறத்தாழ 987ஆம் ஆண்டின் கல்வெட்டு ஒன்று உள்ளது. பாண்டியனின் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்று துரோகிகளானவர் என்று சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், மற்றொரு தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்தம் உடைமைகளைப் பறிமுதல் செய்து விற்க இசைந்த அரசாணை, அவ்வாறு விற்ற நிலத்தை ஒருவன் வாங்கி அறத்துக்கு விட்ட செய்தி ஆகியவை அதன் பொருள். கொலை எதற்காக நடந்தது, யார் தூண்டினார் என்பன அதில் இல்லை. நிலம் விற்ற ஆவணத்தில் அவற்றுக்கு இடமில்லை.

அறிஞர் உலகில் இக்கல்வெட்டு எழுப்பிய பூசல் புகழ் பெற்றது. கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் தம் சோழர் வரலாற்றில் உத்தம சோழன்மேல் ஐயுற்றார். ஆதித்தன் இறந்தபின் பதினைந்தாண்டுகள்போல் ஆட்சியிலிருந்தவன், கொலையாளிகளைத் தண்டிக்காமல் இருந்தது ஏன் என்பது அவர் வினா. தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் தம் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் இதனை மறுத்தார். நிலத்தைப் பற்றிய ஓர் ஆணையைக் கொண்டு முன்னர்த் தண்டனையே நடைபெறவில்லை என முடிவுகட்டுதல் பொருந்தாது என்பது அவர் கருத்தின் சாரம். செம்பியன் மாதேவியின் மகன்மேல் பழி விழுவதும் பண்டாரத்தார்க்கு உவப்பாக இல்லை என்பது அவர் எழுத்தில் தெரியும். கல்கி இருவர் பூசலுக்கும் நடுவே புகுந்து, குற்றத்தை ஒருவர் தலையிலும் உறுதியாகச் சுமத்தாமல், கடம்பூர் மாளிகையின் இருட்டில் நந்தினியை நிறுத்திவிட்டார். பழிவாங்கப் புறப்பட்ட பேரழகி என்னும் அச்சு உலக இலக்கியத்தில் பழையதே. அதற்கு அவர் ஊட்டிய உயிர் புதியது.

அதே உடையார்குடிக் கல்லில் பெண்கள் இல்லாமலில்லை. பறிமுதல் யார் யாரைத் தாக்கும் என அது வகுத்துச் செல்கிறது. கொலையாளிகளோடு அது நிற்கவில்லை. அவர்தம் மக்கள், மனைவியர், தாயோடு உடன்பிறந்த மாமன்மார், அவர்களுடன் பிறந்த பெண்களை மணந்தவர், மகளிரை மணந்தவர் என்று உறவின் வலை முழுவதும் சொல்லப்படுகிறது. நிலத்தைக் குறிக்குமிடத்தில் இரேவதாச கிரமவித்தன் என்பவனின் தாய் பெரிய நங்கைச் சாணி என ஒருத்தியின் பெயரும் வருகிறது. கொலை நடந்து பதினைந்தாண்டுகளுக்குமேல் ஆன பிறகு, புது மன்னன் ஆணை ஊருக்கு வருகிறது. மனையும் நிலமும் சபையார் வசம் போகின்றன. கணவனின் செயலுக்காக, அண்ணனின் செயலுக்காக, சிற்றப்பனின் செயலுக்காகப் பெண்கள் வாசலில் இறங்கி நிற்கிறார்கள். எவ்வளவு அறிந்திருந்தார்கள், ஒன்றும் அறியாதிருந்தார்களா என்பதைக் கேட்பாரில்லை. நந்தினியின் வாள் மின்னியதில் பெரிய நங்கைச் சாணியின் முகம் யார் கண்ணிலும் படவில்லை.

மணிரத்னம் இயக்கிய திரைப்படம் 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்தபின் நந்தினி மேலும் ஓங்கிவிட்டாள். நந்தினியை மெய்யாக வாழ்ந்தவள் என நம்புவோர் உளர். வகுப்பறை விடைத்தாளில்கூட அந்நம்பிக்கை தலைகாட்டுகிறது. புனைவின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அதற்கு ஒரு விலையும் உண்டு. படைக்கப்பட்ட பெயர் ஒன்று நிலைக்கும்போது, கல்லில் வெட்டப்பட்ட பெயர்கள் சில மங்குகின்றன.

மங்கிய பெயர்களுள் வானவன் மாதேவி ஒருத்தி. ஆதித்தன், குந்தவை, அருள்மொழி ஆகியோரின் தாய். சுந்தர சோழன் காஞ்சியில் பொன்மாளிகையில் துஞ்சியபோது அவள் உடன் உயிர் நீத்தாள். திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இதனைச் செய்யுள் நடையில் கூறுகிறது. பால்குடி மாறாத மகவை விட்டுவிட்டு அவள் தீயில் சென்றாள் என்கிறது அது. பாரிமகளிரை மலையனுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்த செய்தியை உரைப்பதும் இதே கல்வெட்டே என்பதைக் கவிஞர்கள் அறிவர். கபிலருக்காக அதனைப் பன்முறை எடுத்தாண்டும் இருப்பர். அதே கல்லில் அடுத்து நிற்கும் தாயை எடுத்தாண்டவர் எத்தனை பேர்? கபிலரின் தீ நட்பின் தீ எனப் பாடப்படுகிறது. இவள் தீயை என்னவென்று பாடுவது? கற்பின் புகழாகக் கல் அதனைச் சொல்கிறது. பிள்ளையை விட்டு என்னும் குறிப்போ, சொன்னவனை மீறி வந்து விழுந்த உண்மைபோல் தோன்றுகிறது. புகழ மட்டும் நினைத்தவன் அதனை விட்டிருக்கலாம்.

இதற்குப் பிறகு தஞ்சைக் கணக்கைப் படிக்கும்போது ஒரு வரி வேறாகத் தெரியும். குந்தவை பெரிய கோயிலில் எழுந்தருளுவித்த திருமேனிகளுள் பொன்மாளிகைத் துஞ்சின தேவரின் படிமமும் தம் தாயின் படிமமும் உள்ளன. நகைகளின் நிறை மட்டுமே அங்குச் சொல்லப்படுகிறது. துயரம் சொல்லப்படவில்லை. அவள் தமக்கென்று வாழ்ந்த காதலைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. ஆனால், திண்டிவனத்துக்கு அண்மையிலுள்ள தாதாபுரத்தில், அன்றைய இராசராசபுரத்தில், சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று, அருகனுக்கு ஒன்று என மூன்று கோயில்களை எடுப்பித்த மனத்தை அக்கற்களிலிருந்தே அறியலாம். வந்தியத்தேவனோடு மாடத்தில் நின்று பேசும் குந்தவையைவிட, ஒரே ஊரில் மூன்று சமயத்துக்கும் அடிக்கல் நாட்டிய குந்தவை குறைந்த சுவையுடையவள் அல்லள்.

இராசராசன் தன் இருபத்தாறாம் ஆட்சியாண்டில், அரண்மனையின் திருமஞ்சனசாலையில் இருந்தபடி ஆணையிட்டான். தான் கொடுத்தவற்றையும், அக்கன் கொடுத்தவற்றையும், தன் பெண்டிர் கொடுத்தவற்றையும், மற்றவர் கொடுத்தவற்றையும் விமானத்தில் கல்லில் வெட்டுக என்பது அவ்வாணை. தனக்கு அடுத்தபடியாக அக்கனை வைத்தான். காதற் புதினம் எழுதுவோர் தம்பி-தமக்கை அன்பைக் கிளைக்கதையாகவே கொள்வர். அவன் வைத்த வரிசையில் அது முதற்கதை.

அவன் பெண்டிரும் கணக்கில் தனித்தனியே நிற்கின்றனர். உலகமாதேவி என வழங்கிய தந்திசத்தி விடங்கி திருவையாற்றில் தன் பெயரால் கோயில் எடுத்தாள். பஞ்சவன் மாதேவிக்கோ வேறொரு பேறு கிட்டியது. இராசேந்திரன் அவளுக்குப் பிறந்தவன் அல்லன். வானவன் மாதேவி என்னும் பெயருடைய மற்றொரு தேவியின் மகன். ஆயினும் பஞ்சவன் மாதேவி மறைந்தபின் பழையாறைப் பகுதியில் அவள் நினைவாகப் பள்ளிப்படைக் கோயில் எடுத்தவன் அவனே. இராமநாதன் கோயில் என இன்று வழங்கும் இடத்தில் அது உள்ளது. மாற்றாந்தாய்க்கு மகன் எடுத்த கோயில் என்னும் இச்செய்தியைக் கேட்டபின் எந்த எழுத்தாளனால் சும்மா இருக்க முடியும்? பாலகுமாரன் இருக்கவில்லை. ஆறு பாகங்களாக விரிந்த 'உடையார்' புதினத்தில் பஞ்சவன் மாதேவியை நடுநாயகமாக வைத்தார். அந்நூலின் நீளமும், பாத்திரங்கள் அனைவரும் ஆசிரியர் குரலிலேயே பேசும் குறையும் வேறு. கல்வெட்டின் கீழ்ப்பகுதியிலிருந்து ஒரு தலைவியை எடுத்தது மதிக்கத்தக்கது.

மேலைநாட்டு முறையை விட்டு ஆவணத்தின் முறையையே பின்பற்றியவர் பிரபஞ்சன். புதுச்சேரித் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பைக் கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் புதினங்களை அவர் எழுதினார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. அரசரும் ஆளுநரும் வரும் அதே தெருவில் தேவரடியாரும் அடிமைகளும் கைவினைஞரும் நடப்பது அவற்றின் சிறப்பு. நாட்குறிப்பு பேசும்; கல்வெட்டு முணுமுணுக்கும். ஆதலின் சோழர் காலத்தை எழுதுவோர்க்குப் பணி கடினம் என்பதை ஒப்ப வேண்டும்.

எனினும் காதலையே தேடுவோர்க்கும் கல் ஏமாற்றம் தருவதில்லை. திருவாரூரில் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அணுக்கியார் பரவை நங்கையார் என்பவள் அவன் அன்புக்குரியவள். மணந்த தேவியருள் ஒருத்தி அல்லள். அவள் விருப்பப்படி திருவாரூர்க் கோயில் கற்றளியாயிற்று; பொன் வேயப்பட்டது. மன்னன் அவளோடு தேரேறி அக்கோயிலுக்கு வந்தான். இருவரும் ஒருங்கே நின்று வணங்கிய இடம் தெரியும்படி அங்கு ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டது. கங்கையும் கடாரமும் கொண்ட மன்னனின் ஆட்சிக் கணக்கில், இருவர் நின்ற இடத்துக்கு ஒரு விளக்கு. சுந்தரரின் பரவையார் பிறந்த ஊரில், அதே பெயருடையவளுக்கு இது வாய்த்தது என்பதைக் கல் விளக்கவில்லை. விளக்கவும் வேண்டியதில்லை, திருவாரூர் என்றதும் தமிழறிந்தார் நெஞ்சு தானே இரண்டு பரவையரையும் சேர்த்துக்கொள்ளும்.

அரச குலத்துக்கு வெளியே செல்வோமாயின் தளிச்சேரிப் பெண்டுகள் உள்ளனர். பெரிய கோயிலின் பணிக்கெனச் சோழமண்டலத்துப் பல கோயில்களிலிருந்தும் நானூறு பெண்டிரை இராசராசன் தஞ்சைக்குக் குடியேற்றினான். அவர்கள் இருந்த தெருக்கள், தெருவின் சிறகுகள், வீட்டின் வரிசை எண், வந்த ஊர், விட்டுவந்த கோயில், 'நக்கன்' என்னும் முன்னொட்டோடு கூடிய பெயர் யாவும் ஒன்றுவிடாமல் வெட்டப்பட்டுள்ளன. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். 'சிவகாமியின் சபதம்' ஓர் ஆடற்பெண்ணை ஆயனச் சிற்பியின் மகளாகப் படைத்து, அவள் காதலுக்கும் கலைக்கும் நடுவே ஒரு பேரரசையே வைத்தது. தஞ்சைக் கல்லில் நானூறு ஆடற்பெண்கள் வீட்டெண்ணோடு இருக்கின்றனர். பிறந்த ஊரைப் பிரிய அவர்களுள் யார் விரும்பினார்? பக்கத்து வீட்டுக்காரி எந்த ஊர்ப் பேச்சைப் பேசினாள்? விட்டுவந்த கோயிலின் இறைவன் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே கணக்கன் எழுதிக்கொண்டபோது அது ஆறுதலாக இருந்ததா?

கல்லில் இவற்றுக்கு விடையில்லை. ஒரு பெண் இறந்தாலோ வேறு நாட்டுக்குப் போனாலோ, அவளுக்கு அணுக்கமான உறவினர் பணியைச் செய்து பங்கைப் பெறுக. அவர்க்குத் தகுதி இல்லையெனில் தகுதியுடைய வேறொருவரைக் கொள்க என்னும் விதி மட்டும் உள்ளது. கணக்கன் அந்த இடத்தையும் வெற்றாக விட்டுவைக்கவில்லை.